உகாண்டா மாதர் இயக்கமும் தகவல் தொழில்நுட்பக் கொள்கையும்

ஒரு நாட்டின் சட்டநூலில் "மக்கள் அனைவரும்" என்று எழுதிவிடுவது எளிது. அவ்வனைவருள் யார் யார் உண்மையில் அடங்கியிருக்கின்றனர் என்று ஊர் ஊராகச் சென்று எண்ணிப் பார்ப்பது அரிது. கணினியும் கைப்பேசியும் உலகெங்கும் பரவத் தொடங்கிய நாளில், அவை பற்றிப் பல அரசாங்கங்கள் கொள்கை வகுத்தன. அக்கொள்கைகளில் "அனைவரும்" என்ற சொல் தவறாமல் இடம்பெற்றது. எண்ணிப் பார்க்கும் பணியோ பெரும்பாலும் எவராலும் மேற்கொள்ளப்படவில்லை. கிழக்கு ஆப்பிரிக்காவிலுள்ள உகாண்டா நாட்டில் மாதர் சங்கங்கள் அப்பணியைத் தம் தோள்மேல் ஏற்றுக்கொண்டன. அவ்வரலாறு ஆசிரியர்களும் கற்றோரும் அறியத்தக்கது.

நாடும் மக்களும்

உகாண்டா கடற்கரை இல்லாத நாடு. தெற்கே விக்டோரியா ஏரி பரந்து கிடக்கின்றது. அவ்வேரியிலிருந்து புறப்படும் நைல் நதி நாட்டின் ஊடே வடக்கு நோக்கிப் பாய்கின்றது. 1894ஆம் ஆண்டில் ஆங்கிலேயரின் பாதுகாப்புக்கு உட்பட்ட இந்நாடு, 1962ஆம் ஆண்டு அக்டோபர் 9ஆம் நாள் விடுதலை பெற்றது. தலைநகர் கம்பாலா. லுகாண்டா, லுவோ முதலிய பல மொழிகள் வழங்குகின்றன. ஆட்சியும் உயர்கல்வியும் ஆங்கிலத்தில் நடைபெறுகின்றன.

மக்களுள் பெரும்பாலோர் கிராமங்களில் வாழும் உழவர். வாழையும் மரவள்ளியும் பயறும் தினையும் அவர்தம் உணவு. இவ்வுணவுப் பயிர்களை விளைவிப்பதில் பெரும்பங்கு பெண்களுடையது. மண்வெட்டி பிடிப்பதும், தண்ணீர் சுமப்பதும், விறகு பொறுக்குவதும், பிள்ளைகளைப் பேணுவதும் அவர்கள் கடமையாகவே இருந்து வந்தன. இத்தகைய பெண்ணின் ஒரு நாளில் கணினியின் முன் அமர்வதற்கு நேரம் எங்கிருந்து வரும் என்னும் வினா, பின்னாளில் நாட்டின் கொள்கை வகுப்போரையே எதிர்கொண்டது.

சங்கங்களின் தொடக்கம்

உகாண்டாவில் பெண்கள் கூடிச் செயற்படும் வழக்கம் புதியதன்று. கம்பாலாவுக்கு அண்மையிலுள்ள கயாசா என்னும் ஊரில் 1905ஆம் ஆண்டில் கிறிஸ்தவச் சபையார் ஒரு பெண்கள் பள்ளியைத் தொடங்கினர். பள்ளியைச் சுற்றித் தாய்மார் கூட்டங்கள் எழுந்தன. நாளடைவில் கிராம மாதர் கழகங்கள் நாடெங்கும் பரவின. தையல், சமையல், குழந்தை வளர்ப்பு ஆகியவற்றோடு எழுத்தறிவும் அங்கே கற்பிக்கப்பட்டது.

இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் உகாண்டா மாதர் மன்றம் தோன்றியது. ஆப்பிரிக்கர், ஐரோப்பியர், அங்கே குடியேறியிருந்த இந்தியர் ஆகிய மூவினப் பெண்களும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்த அமைப்பு அது. திருமணச் சட்டம், சொத்துரிமை, வாக்குரிமை ஆகியவை குறித்து அம்மன்றம் அரசாங்கத்திடம் வாதாடியது. தென்னாப்பிரிக்காவில் பிறந்து உகாண்டாவுக்கு மணமாகி வந்த பும்லா கிசோசொன்கோலே அதன் தலைமைப் பொறுப்பை ஏற்றவர். நாட்டின் சட்ட மன்றத்திலும் இடம்பெற்றவர். சட்டம் எப்படி எழுதப்படுகின்றது என்பதைப் பெண்கள் அறிந்திருக்க வேண்டும் என்னும் கருத்து அந்நாளிலேயே வேரூன்றிவிட்டது.

1971ஆம் ஆண்டில் படைத்தலைவர் இடி அமீன் ஆட்சியைக் கைப்பற்றினார். மறு ஆண்டில் இந்தியர் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டனர். 1978ஆம் ஆண்டில் பிறப்பிக்கப்பட்ட ஆணையால் அரசாங்கச் சார்பான தேசிய மாதர் மன்றம் ஒன்று நிறுவப்பட்டு, ஏனைய மாதர் சங்கங்கள் சட்டத்துக்குப் புறம்பானவை ஆக்கப்பட்டன. தாமே கூடிப் பேசிய பெண்கள் வாய்மூடி இருக்க நேர்ந்தது.

மறுமலர்ச்சி

1985ஆம் ஆண்டில் அண்டை நாடான கென்யாவின் தலைநகர் நைரோபியில் ஐக்கிய நாடுகளின் மூன்றாம் உலக மாதர் மாநாடு நடைபெற்றது. அம்மாநாட்டின் ஊக்கத்தால் அதே ஆண்டில் கம்பாலாவில் அக்போட் என்னும் சங்கம் உருவாயிற்று. அதன் முழுப்பெயர் "வளர்ச்சிக்கான செயல்" என்று பொருள்படும். உள்நாட்டுப் போர் முடிந்து 1986இல் புதிய ஆட்சி அமைந்தபின், பெண்கள் நலனுக்குத் தனி அமைச்சு வேண்டும் என்று வற்புறுத்திய குரல்களுள் அதன் குரல் முதன்மையானது.

பத்திரிகைத் துறை மாதரின் சங்கம் 1983லேயே தோன்றியிருந்தது. அச்சங்கத்தார் 2001ஆம் ஆண்டில் பெண்களுக்கென்றே "மாமா எப். எம்." என்னும் வானொலி நிலையத்தைத் தொடங்கினர். ஐரோப்பாவில் தோன்றி, பழைய எகிப்தியத் தெய்வத்தின் பெயரால் "ஐசிஸ்" என்று வழங்கிய அனைத்துலக மாதர் தகவல் நிறுவனம் 1993ஆம் ஆண்டில் ஜெனீவாவை விட்டுக் கம்பாலாவைத் தன் இருப்பிடமாக்கிக் கொண்டது. போரில் துன்புற்ற லுவேரோ வட்டாரப் பெண்களின் வாய்மொழிகளை அந்நிறுவனம் திரட்டி வெளியிட்டது. தகவல் என்பது மேலிருந்து கீழே வழங்கப்படுவது மட்டுமன்று, கீழிருந்தும் மேலே செல்லவேண்டியது என்பதை அந்நூல் காட்டிற்று.

1995ஆம் ஆண்டில் இரண்டு நிகழ்ச்சிகள் ஒருங்கே நேர்ந்தன. பெய்ஜிங் மாநாட்டில் உலக நாடுகள் ஏற்ற செயல்திட்டத்தில், பெண்களும் செய்தித் தொடர்புச் சாதனங்களும் என்பது பன்னிரண்டு முக்கியத் துறைகளுள் ஒன்றாக வைக்கப்பட்டது. உகாண்டாவின் புதிய அரசியலமைப்பும் அவ்வாண்டிலேயே நடைமுறைக்கு வந்தது. அதன் 33ஆம் விதி பெண்களுக்குச் சம உரிமை வழங்கியது. 41ஆம் விதி, அரசாங்கத்தின் கையிலுள்ள தகவலைப் பெறும் உரிமையைக் குடிமக்களுக்கு அளித்தது. உள்ளூர் ஆட்சி மன்றங்களில் மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. உரிமை தாளில் ஏறிவிட்டது. அதைக் கைக்குக் கொண்டுவருவதே எஞ்சிய வேலை.

நக்காசெக்கே நிலையம்

கம்பாலாவுக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் நக்காசெக்கே என்னும் ஊர் இருக்கின்றது. 1980களின் போரில் பெருஞ்சேதமுற்ற லுவேரோ வட்டாரத்தைச் சேர்ந்தது அவ்வூர். 1990களின் இறுதியில் யுனெஸ்கோ, அனைத்துலகத் தொலைத்தொடர்புச் சங்கம், கனடா நாட்டு வளர்ச்சி ஆராய்ச்சி நிலையம் முதலியவற்றின் உதவியோடு அங்கே ஒரு பல்நோக்குத் தொலைத்தொடர்பு நிலையம் அமைக்கப்பட்டது. ஒரே இடத்தில் நூலகம், தொலைபேசி, கணினி ஆகியவை வைக்கப்பட்டன. சிற்றூருக்கு இவை வந்தது பெரும் புதுமை.

ஆயினும் நிலையத்துக்கு வந்து போனோருள் இளைஞரும் ஆடவருமே மிகுதியாக இருந்தனர். இதற்குக் காரணம் பெண்களின் அறியாமை அன்று. நிலையம் திறந்திருந்த நேரம் அவர்கள் வயலிலும் அடுக்களையிலும் இருக்கும் நேரம். கணினியிலிருந்த செய்திகளோ ஆங்கிலத்தில் இருந்தன. செலுத்த வேண்டிய கட்டணமும், நடந்து வரவேண்டிய தூரமும் வேறு தடைகள். கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே நுழைய வழியில்லை.

இத்தடையை நீக்க, 2001ஆம் ஆண்டளவில் நியூயார்க்கிலுள்ள மாதர் தகவல் நிலையம் ஒன்று ஆப்பிரிக்கக் கிராமப் பெண்களுக்கெனக் கணினி வட்டு ஒன்றை உருவாக்கியது. சிறு தொழில் செய்து பொருளீட்டும் வழிகள் அதில் படங்களாகவும் பேச்சாகவும் அமைந்திருந்தன. படிக்கத் தெரியாதவரும் படத்தைத் தொட்டுக் கேட்கலாம். லுகாண்டா மொழியிலேயே கேட்கலாம். நக்காசெக்கேயில் அதைக் கற்றோருள் எழுபது வயதை எட்டிய ஒரு மூதாட்டியும் இருந்தார். உழவுத் தொழில் செய்துவந்த அவர், கணினியின் சுட்டியைத் தம் கையால் பிடித்துப் பழகினார். பிறகு அண்டை அயலிலுள்ள பெண்களுக்கும் அவரே கற்றுக்கொடுத்தார். வயதும் எழுத்தறிவின்மையும் கருவியைக் கற்கத் தடையல்ல என்பதற்கு அவர் சான்றானார். தாய்மொழியும் பொருத்தமான பொருளும் அமைந்தால் கற்றல் தானே நிகழும் என்பதை ஆசிரியர் எவரும் எளிதில் உணர்வர்.

2000ஆம் ஆண்டு

இத்தகைய தனித்தனி முயற்சிகளை ஒன்றாக இணைக்கும் எண்ணத்தோடு 2000ஆம் ஆண்டு மே மாதம் பல மாதர் சங்கங்கள் கூடி "உகாண்டா மாதர் வலையம்" என்னும் அமைப்பைத் தொடங்கின. ஆங்கிலப் பெயரின் சுருக்கமாக அது "வூக்நெட்" என்று வழங்குகின்றது. அதன் ஒருங்கிணைப்பாளராக அமைந்தவர் டாரதி ஒக்கெல்லோ. மக்கரேரே பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் கற்பித்த இவ்வம்மையார், 2016ஆம் ஆண்டில் உகாண்டாவின் பொறியியல் வல்லுநர் கழகத்துக்குத் தலைவரான முதற் பெண்மணி.

வலையம் தொடக்கத்தில் செய்த வேலை எளியது. சங்கங்களுக்கு மின்னஞ்சல் பயிற்றுவித்தது. ஒவ்வொரு சங்கமும் என்ன செய்கின்றது என்பதைத் திரட்டி மற்றவர்க்கு அறிவித்தது. விரைவில் அதற்கு ஓர் உண்மை புலனாயிற்று. எத்தனை பெண்களுக்குப் பயிற்சி அளித்தாலும், தொலைபேசிக் கம்பி எந்த ஊருக்குப் போகும், கட்டணம் எவ்வளவு, செய்தி எந்த மொழியில் என்பவற்றை முடிவு செய்பவர் வேறு இடத்தில் அமர்ந்திருந்தனர். ஆகவே வலையம் கொள்கை வகுக்கும் மேசைக்குச் சென்றது.

உகாண்டாவில் அக்காலத்தில் தொலைத்தொடர்புத் துறை வேகமாக மாறிக்கொண்டிருந்தது. 1997ஆம் ஆண்டின் தொடர்புச் சட்டத்தால் அரசாங்கத்தின் தனியுரிமை முடிவுக்கு வந்தது. தனியார் குழுமங்கள் நுழைந்தன. துறையை மேற்பார்வை செய்ய ஓர் ஆணையம் நிறுவப்பட்டது. 2003ஆம் ஆண்டில் தேசியத் தகவல் தொடர்புத் தொழில்நுட்பக் கொள்கை வெளிவந்தது. தகவல் தொடர்புத் திட்டங்களில் பெண்களின் தேவையும் கருதப்படல் வேண்டும் என்பது அதன் நோக்கங்களுள் ஒன்றாக எழுதப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் ஜெனீவாவில் கூடிய உலகத் தகவல் சமுதாய மாநாட்டின் பிரகடனத்திலும், 12ஆம் பத்தி பெண்களுக்கெனவே அமைந்தது. ஆப்பிரிக்க மாதர் அமைப்புகள் அம்மாநாட்டின் ஆயத்தக் கூட்டங்களிலிருந்தே வாதாடிப் பெற்ற பயன்களுள் அது ஒன்று.

ஒரு விழுக்காட்டு நிதி

கொள்கையில் ஒரு வரி எழுதப்படுவது முதற்படி மட்டுமே. தொலைத்தொடர்புக் குழுமங்களின் வருமானத்தில் நூற்றுக்கு ஒன்று வீதம் பெற்று, கிராமங்களுக்குத் தொலைபேசியும் இணையமும் கொண்டுசெல்லக் கிராமத் தொடர்பு வளர்ச்சி நிதி ஒன்று உகாண்டாவில் ஏற்படுத்தப்பட்டது. இந்நிதியைக் கொண்டு பொதுத் தொலைபேசிகளும், இணைய நிலையங்களும், பள்ளிகளுக்குக் கணினிக் கூடங்களும் அமைக்கப்பட்டன.

சில ஆண்டுகளுக்குப் பின் வூக்நெட் அமைப்பினர் இந்நிதியின் பயனை ஆராய்ந்தனர். அவர்கள் கேட்ட கேள்வி இதுதான்: "ஊருக்கு வந்தது; ஊரில் யாருக்கு வந்தது?" நிதியின் விதிகள் ஊரைப் பற்றியே பேசின. ஊரில் ஆணும் பெண்ணும் உண்டு என்பதையும், இருவர் கையிலும் உள்ள பணமும் நேரமும் ஒன்றல்ல என்பதையும் அவை கருதவில்லை. தொலைபேசி நிலையத்தை நடத்தும் உரிமை பெறுவதற்கு முதலீடு வேண்டும். முதலீட்டுக்கு ஈடாகக் காட்ட நிலம் வேண்டும். நிலமோ பெரும்பாலும் கணவன் பெயரில் இருந்தது. விதி எவரையும் விலக்கவில்லை. ஆயினும் பெண்கள் விலகியே நின்றனர். இப்படிப்பட்ட விலக்கு கண்ணுக்குத் தெரியாது. எண்ணிப் பார்த்தால்தான் தெரியும்.

அப்பாக் உழவர் மகளிர்

குறை கூறுவதோடு நில்லாமல், வேறு வழியும் உண்டு என்பதை வலையத்தார் செய்துகாட்ட முனைந்தனர். வட உகாண்டாவிலுள்ள அப்பாக் மாவட்டத்தில் 2005ஆம் ஆண்டில் "குபெரே" என்னும் தகவல் நிலையத்தை அமைத்தனர். மரவள்ளியும் எள்ளும் விளையும் பூமி அது. அங்கிருந்த உழவர் மகளிர் குழுக்களுக்கு ஒலிநாடா வசதியுள்ள வானொலிப் பெட்டியும் கைப்பேசியும் வழங்கப்பட்டன. லுவோ மொழியில் வேளாண்மை நிகழ்ச்சிகள் ஒலிபரப்பாயின. குழுவினர் கூடிக் கேட்டனர். ஐயம் எழுந்தால் கைப்பேசி வழியே கேட்டனர். விடை மீண்டும் அவர்கள் மொழியிலேயே வந்தது.

இங்கே கருத்தூன்றிக் காணத்தக்கது கருவிகளின் தேர்வு. விலையுயர்ந்த கணினியைக் கிராமத்தின் நடுவில் நிறுத்தவில்லை. பெண்கள் ஏற்கெனவே அறிந்த வானொலியை எடுத்துக்கொண்டு, அதனோடு புதிய கைப்பேசியை இணைத்தனர். வேலை செய்துகொண்டே காதால் கேட்கலாம் என்பது வானொலியின் சிறப்பு. பெண்ணின் நேரத்தைப் பறிக்காத கருவியே பெண்ணுக்கு உதவும் என்பது அதன் அடிப்படை.

எனினும் கருவி வீட்டுக்குள் நுழையும்போது வீட்டின் பழைய வழக்கங்களையும் சந்திக்கின்றது. மனைவியின் கைப்பேசியைக் கணவன் வாங்கிச் சோதிப்பதும், யாரோடு பேசினாய் என்று ஐயுற்று அடிப்பதும் உகாண்டாவில் நிகழ்ந்தன என்பதை மாதர் அமைப்புகளின் ஆய்வுகள் பதிவு செய்தன. கைப்பேசியைத் தருவதால் மட்டும் சமத்துவம் வாராது என்பதை அவ்வமைப்புகள் மறைக்காமல் எழுதின. அந்நேர்மையே அவற்றின் பணிக்கு மதிப்பைத் தந்தது.

சட்டமும் வரியும்

2010க்குப் பின் இவ்வரலாறு வேறு திசையில் திரும்பியது. அதுவரை கருவி கிடைக்கவில்லை என்பதே பெண்களின் குறையாக இருந்தது. இப்போது கருவியைப் பயன்படுத்தியவர் தண்டனைக்கு உள்ளாகும் நிலையும் சேர்ந்துகொண்டது.

2014ஆம் ஆண்டில் ஆபாச ஒழிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. சட்டத்தைச் சாக்காகக் கொண்டு கும்பல்கள் தெருவில் பெண்களின் உடையைக் கிழித்து அவமதித்தன. மாதர் அமைப்புகள் கம்பாலாவில் கூடி எதிர்ப்புத் தெரிவித்தன. தனிப்பட்ட படங்களை வேறொருவர் களவாக வெளியிட்டபோது, வெளியிட்டவரை விட்டு, படத்திலிருந்த பெண்ணையே காவல்துறை விசாரித்த நிகழ்ச்சிகளும் உண்டு. மாதர் உரிமைக்காக உழைப்போர் நீதிமன்றம் சென்றனர். ஏழு ஆண்டுகள் கழிந்து, 2021 ஆகஸ்டில் அரசியலமைப்பு நீதிமன்றம் அச்சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைச் செல்லாதவை என்று தீர்ப்பளித்தது.

2011ஆம் ஆண்டின் கணினித் தவறான பயன்பாட்டுச் சட்டம், இணைய வழித் தொல்லைகளிலிருந்து மக்களைக் காக்கும் என்று சொல்லப்பட்டது. மக்கரேரே பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் ஸ்டெல்லா நியான்சி, நாட்டின் அதிபரைக் கடுமையாகச் சாடி எழுதியதற்காக அச்சட்டத்தின்கீழ் 2019 ஆகஸ்டில் தண்டிக்கப்பட்டார். 2020 பிப்ரவரியில் மேல்முறையீட்டில் விடுதலையானார். அச்சட்டத்தின் 25ஆம் பிரிவை 2023 ஜனவரியில் அரசியலமைப்பு நீதிமன்றம் நீக்கியது.

வரியின் கதையும் இத்தகையதே. 2018 மார்ச்சில் அதிபர் யோவேரி முசேவேனி நிதியமைச்சருக்கு எழுதிய கடிதத்தில், சமூக ஊடகங்களில் நடைபெறுவது "ஒலுகாம்போ" என்று குறித்தார். வம்பளப்பு என்பது அந்த லுகாண்டாச் சொல்லின் பொருள். அவ்வாண்டு ஜூலை முதல் நாளிலிருந்து, சமூக ஊடகத்தைப் பயன்படுத்துவோர் நாளொன்றுக்கு 200 ஷில்லிங் வரி செலுத்த வேண்டியதாயிற்று. மாதம் முழுவதும் செலுத்தினால் 6,000 ஷில்லிங். வசதியுள்ளவருக்கு அது சிறுதொகை. சந்தையில் தக்காளி விற்று, வாங்குவோரோடு கைப்பேசி வழியே தொடர்பு கொள்ளும் பெண்ணுக்கு அது சிறுதொகை அன்று.

வரி வந்த மூன்று திங்களுக்குள் நாட்டின் இணையச் சந்தாதாரர் தொகை 25 இலட்சத்துக்கும் மேல் குறைந்தது. வூக்நெட் உள்ளிட்ட அமைப்புகள் வரியை எதிர்த்து, ஏற்கெனவே பின்தங்கிய பெண்கள் மேலும் பின்தள்ளப்படுவர் என்று எடுத்துரைத்தன. எதிர்பார்த்த வருமானமும் அரசாங்கத்துக்குக் கிட்டவில்லை. 2021 ஜூலையில் அவ்வரி நீக்கப்பட்டது. ஆனால் அதன் இடத்தில் இணையத் தரவின் மேல் நூற்றுக்குப் பன்னிரண்டு வீதம் வேறொரு வரி விதிக்கப்பட்டது.

வரலாறு காட்டும் உண்மை

பெண்கள் கூடிப் பேசினால் அது வம்பு என்று இகழ்வது உலகின் பல பாகங்களில் உள்ள பழக்கம். உகாண்டா மாதரின் அனுபவமோ வேறொன்றைக் காட்டுகின்றது. விதையின் விலை, மருத்துவமனையில் மருந்து உண்டா என்ற செய்தி, அடிக்கும் கணவனிடமிருந்து தப்பிச் செல்லும் வழி, தன் நிலத்தின் மேல் தனக்குள்ள உரிமை ஆகியவை பெண்கள் ஒருவர் வாய் ஒருவர் கேட்டு அறிந்து வந்தவையே. கைப்பேசி வந்ததால் அப்பேச்சு நெடுந்தூரம் சென்றது. அதற்கு வரி விதிப்பது வம்புக்கு விதிக்கும் வரி ஆகாது. அறிவுக்கு விதிக்கும் வரியாகவே முடியும்.

1946க்குப் பின் திருமணச் சட்டத்தைப் படித்துப் பார்த்த மாதர் மன்றத்தாருக்கும், அரை நூற்றாண்டு கழிந்து தொலைத்தொடர்பு நிதியின் கணக்கைப் படித்துப் பார்த்த வலையத்தாருக்கும் இடையே ஓர் ஒற்றுமை உண்டு. இருசாராரும் சட்டத்தின் சொற்களை நம்பி வாளா இருக்கவில்லை. "அனைவரும்" என்று எழுதியிருந்த இடத்தில் நின்று, "இதில் நாங்கள் இருக்கின்றோமா?" என்று கேட்டனர். சில வேளைகளில் வென்றனர். சில வேளைகளில் ஒரு வரியை நீக்கி மற்றொரு வரியைப் பெற்றனர். கேட்பதை மட்டும் நிறுத்தவில்லை.

வகுப்பில் கேள்வி கேட்டவுடன் முன்வரிசைப் பிள்ளைகள் கையுயர்த்தினால், வகுப்பு முழுவதும் பாடத்தை அறிந்துகொண்டது என்று முடிவு கட்டும் ஆசிரியர் பின்வரிசையைக் காணத் தவறுகின்றார். கொள்கை வகுப்போர் நிலையும் அதுவே. நக்காசெக்கேயில் நிலையம் திறந்த அன்றே "ஊர் கணினி கற்றுவிட்டது" என்று எழுதியிருந்தால், அம்மூதாட்டி அந்தக் கணக்கில் வந்திருக்கமாட்டார். அவர் மொழியில் ஒரு வட்டும், அவருக்கு ஏற்ற பொருளும், பொறுமையோடு சொல்லித்தர ஒருவரும் அமைந்த பின்னரே அவர் கை சுட்டியின்மேல் பட்டது.